ரவுண்ட்ஸ் சாரும் மேல்விஷாரம் மிஷினும்

நாற்காலி என்ற பொருளை ரவுண்ட்ஸ் சார் அளவுக்குப் பகைத்துக்கொண்ட மனிதர் இந்தப் பூமியில் இன்னொருவர் பிறந்திருக்க முடியாது. ஆம்பூர் பஜாரில் ஒரு செருப்புக் கடைக்கு மேல்மாடியில்தான் எங்கள் ஆபீஸ். அங்கே அவருக்கென்று முதலாளி ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டிருந்தார். அதன் பிளாஸ்டிக் உறையைக்கூட யாரும் பிரித்ததில்லை. அவர் அதன்மேல் டிபன் பாக்ஸ் வைப்பார், குடை வைப்பார். ஒரு தடவை காய்ச்சலோடு வந்தவர், அதன் முதுகில் தலையை மட்டும் சாய்த்துக்கொண்டு நின்றபடியே தூங்கினார். உட்கார மட்டும் மாட்டார்.

இன்டர்வியூவுக்கு வந்த அன்றே இப்படித்தான். எங்கள் முதலாளியை ஊரே ஹாஜியார் என்று கூப்பிடும். அவர் "உக்காருங்க" என்றதற்கு இவர், "பரவால்ல ஹாஜியார், நீங்க கேளுங்க" என்று சொல்லிவிட்டு மேஜையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாராம். இவர் போகிற பக்கமெல்லாம் கழுத்தைத் திருப்பிக் கேள்வி கேட்ட ஹாஜியாருக்குத் தலை சுற்றிவிட்டது. கடைசியில், "அரே, இவருக்கு வேலயக் குடுத்துடுங்கப்பா. இல்லாட்டி நிறுத்த மாட்டார்" என்று கண்ணை மூடிக்கொண்டார்.

"ஏன் சார் இப்படிக் கால்ல சக்கரம் கட்டிக்கிட்டு அலையறீங்க?" என்று நான் ஒரு நாள் கேட்டேன்.

"நான் குடியாத்தத்துல தறி ஓடுற வீட்ல பொறந்தவன் எஸ்தர். பவர்லூம் ஓடுற வரைக்கும் நிம்மதியா தூங்குவோம். நின்னுடுச்சுன்னா வீட்ல எல்லாரும் முழிச்சுக்குவோம். எனக்கு ஓட்டம் இருந்தாத்தான் உசுரு இருக்கிற மாதிரி."

இதைச் சொல்லி முடிப்பதற்குள் ஜன்னல் வரை இரண்டு தடவை போய் வந்துவிட்டார்.

பேர் வைத்தது நான்தான். எங்கம்மா வேலூரில் ஸ்டாஃப் நர்ஸ். டாக்டர் எங்கே என்று யார் கேட்டாலும் "ரவுண்ட்ஸ்ல இருக்கார்" என்று பதில் சொல்லியே பழகிய குடும்பம். ஆபீஸில் போன் வந்து, "அந்த கம்ப்யூட்டர் சார் எங்கேம்மா?" என்று யாரோ கேட்டபோது என் வாய் தானாக "ரவுண்ட்ஸ்ல இருக்கார்" என்றது. அவ்வளவுதான். மறுநாள் டீக்கடைக்காரர்கூட "ரவுண்ட்ஸ் சாருக்கு சக்கர கம்மி" என்று சத்தம் போட்டார். அவருடைய சொந்தப் பெயர் அன்றோடு ஒழிந்தது.

அவர் அப்படி எங்கேதான் சுற்றினார்? அதைச் சொல்ல எங்கள் கம்பெனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்பூரிலிருந்து ராணிப்பேட்டை வரை எந்த டேனரியில், அதாவது தோல் பதனிடும் ஆலையில், என்ன தோல், என்ன நிறத்தில், என்ன கனத்தில் இருக்கிறது என்பதை வெளிநாட்டு வியாபாரிகள் இன்டர்நெட்டில் தேடிப் பார்ப்பதற்கு ஹாஜியார் ஒரு தளம் ஆரம்பித்திருந்தார். தேடித் தருகிற வேலையை நாலு கம்ப்யூட்டர் மிஷின்கள் செய்தன. வியாபாரி கேட்கிற கேள்வி நாலில் ஏதாவது ஒன்றிடம் போகும், அது பதில் சொல்லும்.

நாலும் ஒரே இடத்தில் இருந்தால் ரவுண்ட்ஸ் சாருக்கு வேலையே இல்லை. ஆனால் அது கரண்ட் போய்ப் போய் வந்த காலம். இரண்டாயிரத்து எட்டு, ஒன்பது வாக்கில் எங்கள் பக்கம் இருந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம். ஹாஜியார் யோசித்தார். "எல்லா ஊர்லயும் ஒரே நேரத்துல கரண்ட் போறதில்ல. அப்போ மிஷின ஊருக்கு ஒண்ணா வெச்சுடலாம்!" ஆம்பூரில் ஒன்று, வேலூரில் அவர் மைத்துனர் குடோனில் ஒன்று, மேல்விஷாரத்தில் அவருடைய தோஸ்த் டேனரியில் ஒன்று, ராணிப்பேட்டையில் ஒன்று. எந்த நேரத்திலும் ஏதோ ஓர் ஊரில் விளக்கு எரியும், அங்கே இருக்கும் மிஷின் பதில் சொல்லும். நான் சிரித்தேன். ஆனால் அந்த யோசனை வேலை செய்தது!

இந்த மிஷின்களுக்கு நாம் சில சமாச்சாரங்களைச் சொல்லிவைக்க வேண்டும். ஒரு வியாபாரி "ஷீப்" என்று தேடுவார், இன்னொருவர் "லேம்" என்பார். இரண்டு பேருக்கும் செம்மறித் தோலைக் காட்டு என்று சொல்ல வேண்டும். எது முதலில், எது கடைசியில் என்றும் சொல்ல வேண்டும். இதற்கெல்லாம் சேர்த்து கான்ஃபிக் என்று பெயர். டேனரிகளில் கேட்டு வார்த்தைகளைச் சேர்த்துக் கொடுப்பது என் வேலை. அதை நாலு மிஷினுக்கும் சேர்ப்பது ரவுண்ட்ஸ் சார் வேலை. ஃபைலை உள்ளே போட்டால் மட்டும் போதாது, ரீலோட் என்று ஒன்று செய்ய வேண்டும். செய்யாவிட்டால் மிஷின் புதுப் பாடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பழைய பாடத்தையே ஒப்பிக்கும்.

"இன்டர்நெட் லைன்லயே அனுப்பக் கூடாதா?" என்று நீங்கள் கேட்பது தெரிகிறது. நானும் கேட்டேன். ரவுண்ட்ஸ் சார் ஒரு தடவை அனுப்பினார். பாதி ஃபைல் போனதும் லைன் செத்துவிட்டது. பாதியைப் படித்த வேலூர் மிஷின், அன்று முழுக்க யார் என்ன கேட்டாலும் எருமைத் தோலையே காட்டியது. லேடீஸ் ஹேண்ட்பேக்குக்கு மெல்லிசாகத் தோல் தேடிய ஒரு வெள்ளைக்காரர் அந்த எருமைகளைப் பார்த்து என்ன நினைத்தாரோ, அப்புறம் எங்கள் பக்கமே வரவில்லை. அன்றோடு ரவுண்ட்ஸ் சார் கையை உதறிவிட்டார். பென் டிரைவைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். "நேர்ல போய் சொன்னாத்தான் புரியும்" என்று பஸ் ஏறினார்.

பஸ்ஸிலும் உட்கார மாட்டார். முன்வாசலிலிருந்து பின்வாசல், பின்வாசலிலிருந்து முன்வாசல். "சீட்டு காலியாத்தான இருக்கு, உக்காரு சார், பேஜாரா இருக்கு" என்று கண்டக்டர் கெஞ்சுவார். "நீங்க ஓட்டுங்க, நான் நடந்தே வந்துடறேன்" என்பார் இவர். ஆம்பூரிலிருந்து வேலூருக்கு பஸ்ஸுக்குள் நடந்தே போன ஒரே மனிதர் அவர்தான் என்று எந்தச் சபையிலும் சத்தியம் செய்வேன்.

ஒவ்வொரு மிஷின் முன்னாலும் ஒரே சடங்கு. ஃபைலைப் போடுவார், ரீலோட் செய்வார், அதையே நாலைந்து கேள்வி கேட்பார். பதில் சரியாக வந்தால் மிஷின் தலையில் லேசாகத் தட்டி, "மறந்துடாத" என்பார். அது ஒழுங்காகப் பேசுகிற வரைக்கும் அடுத்த ஊருக்கு பஸ் ஏற மாட்டார். அதில் மட்டும் அவருக்கு இருந்த நிதானம் எனக்கு எதிலுமே இருந்ததில்லை.

ஏனென்றால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவர் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கும்போது பாதி மிஷின் புதுசு, பாதி மிஷின் பழசு. திட்டு வாங்குவது நான். மெட்ராஸ் ஏஜென்ட் ஒருவர் போனில் கத்துவார்: "மொத தடவ தேடினா இருக்கு. ரெண்டாவது தடவ தேடினா இல்ல. மறுபடி தேடினா இருக்கு. உங்க கடை தொறந்திருக்கா, மூடியிருக்கா?"

"சார், கொஞ்சம் பொறுங்க. அவர் இப்போதான் பள்ளிகொண்டா தாண்டியிருப்பார்."

"எவர்?"

"கான்ஃபிக் சார்!"

"அது பஸ்லயா வருது?"

ஆமாம் என்றேன். பள்ளிகொண்டா என்பது ஆம்பூருக்கும் வேலூருக்கும் நடுவில் இருக்கிற ஊர். அந்த ஏஜென்ட் கொஞ்ச நாளில் பழகிவிட்டார். அப்புறமெல்லாம் போனை எடுத்ததும், "இன்னாம்மா, பள்ளிகொண்டா தாண்டிட்டாரா?" என்றுதான் கேட்பார்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது மூணாம் நம்பர் கெட ஆரம்பித்தது. மூணாம் நம்பர் என்றால் மேல்விஷாரம். மற்ற மூன்றும் ஒழுங்காகப் பதில் சொல்லும், அது மட்டும் பழசையே சொல்லும். ரவுண்ட்ஸ் சார் ஓடுவார், சரி செய்வார். இரண்டு நாள் நன்றாக இருக்கும். அடுத்து புது வார்த்தைகள் போனதும் மறுபடி கெடும். மறுபடி ஓடுவார். திரும்பி வரும்போது ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா கையில் இருக்கும். ஆபீஸில் யாரும் வாயைத் திறக்கவில்லை. பேடா வாயில் இருக்கும்போது எப்படித் திறப்பது? போகப் போக எங்கள் அக்கவுன்டென்ட்டே காலையில் வந்து, "இன்னா, மூணாம் நம்பர் இன்னிக்கு நல்லாவா இருக்கு?" என்று வருத்தத்தோடு விசாரிக்கும் நிலை வந்துவிட்டது.

எனக்கு மட்டும் மனசு அரித்தது. ஒரு மிஷின் மட்டும் ஏன் இப்படி? அந்தச் சமயத்தில் வார்த்தை சேகரிக்க நானே மேல்விஷாரம் போக வேண்டி வந்தது. டேனரிக்குள் தோல் ஊறும் பெரிய பெரிய மர டிரம்கள் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தன. ஈரத்தோல் வாடையைத் தாண்டி ஆபீஸ் அறைக் கதவைத் திறந்தேன். நம்ப மாட்டீர்கள். ரவுண்ட்ஸ் சார் உட்கார்ந்திருந்தார்!

நாற்காலியில். முதுகைச் சாய்த்து. கையில் டீ கிளாஸ். கால்கூட ஆடவில்லை.

எதிர் மேஜையில் வசந்தா அக்கா. அந்த டேனரியின் கணக்குவழக்கு எல்லாம் அவர் பொறுப்பு. தினம் ஆற்காட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். தம்பி தங்கைகளுக்கெல்லாம் கல்யாணம் செய்துவைத்துவிட்டுத் தனக்கு மறந்துபோனவர். வயது முப்பத்தைந்துக்கு மேல் இருக்கும், ரவுண்ட்ஸ் சாருக்கு நாற்பது. வசந்தா அக்கா கறார் பேர்வழி. மூணாம் நம்பரில் ஃபேன் ரிப்பேர் ஆனபோது மெக்கானிக்குக்குக் காத்திருக்காமல் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துத் தானே கழற்றி மாட்டியவர்.

"இன்னா சார், ரீலோட் ஆய்டுச்சா?" என்று கேட்டேன்.

ரவுண்ட்ஸ் சார் தேள் கொட்டியதுபோல எழுந்தார். "ஆய்ட்டே இருக்கு எஸ்தர். இந்த மேடம்தான் கொஞ்சம் உக்காருங்கன்னு..."

"நான் எங்க சொன்னேன்? அவராத்தான் உக்காந்தார்" என்றார் வசந்தா அக்கா, தலை நிமிராமல். காது மட்டும் சிவந்திருந்தது.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மனுஷன் வேண்டுமென்றே ரீலோட் செய்யாமல் விட்டுவிட்டு வருகிறார்! திரும்பி வரும்போது பஸ்ஸில் பிடித்துக்கொண்டேன். அவர் கதவுக்கும் எனக்கும் நடுவே நடந்துகொண்டே ஒப்புக்கொண்டார்.

"சொல்லிட்டீங்களா அவங்ககிட்ட?"

"இன்னாத்த சொல்றது? ரீலோட் ஆய்டுச்சுன்னு சொல்றேன். சரிங்கறாங்க."

"அது இல்ல சார்! மனசுல இருக்கிறத?"

"அய்யய்யோ" என்று பின்வாசலுக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நாளில் இடி விழுந்தது. எங்கள் பக்கம் நல்ல லைன் வந்தது. ஹாஜியார் மெட்ராஸிலிருந்து டை கட்டிய ஓர் என்ஜினியரைக் கூட்டி வந்தார். அவர் ஏற்பாடு இதுதான்: கான்ஃபிக் ஆம்பூரில் ஒரே இடத்தில் இருக்கும். ஒரு பட்டனைத் தட்டினால் நாலு மிஷினும் தானே வந்து எடுத்துக்கொள்ளும், தானே ரீலோட் ஆகும். ஸ்க்ரீனில் நாலு விளக்கு. எடுத்துக்கொண்ட மிஷினுக்குப் பச்சை, எடுக்காததற்குச் சிவப்பு.

"இனிமே நீ எங்கயும் அலைய வேணாம்பா. ஜம்முனு உக்காந்து வேல பாரு" என்றார் ஹாஜியார் சந்தோஷமாக. மற்ற மூன்று ஊருக்கும் அவரே போன் போட்டு, "எங்க ஆளு இனிமே வர மாட்டார், உங்களுக்கும் தொந்தரவு இல்ல" என்று சொல்லிவிட்டார்.

ரவுண்ட்ஸ் சார் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்று அவர் நடந்த நடையில் கீழே செருப்புக் கடைக்காரர் மேலே வந்து, "என்ன, மெஷின் கிஷின் போட்டிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இன்னிக்கே மேல்விஷாரம் போய் நேராச் சொல்லிட்டு வாங்க சார்" என்றேன்.

"வேல இல்லாம அங்க போய் எதுக்கு வந்தேன்னு சொல்றது எஸ்தர்? பென் டிரைவ் இல்லாம அந்தக் கதவத் தொறக்கவே எனக்குக் கை வராது." எனக்கு அழுகையும் வந்தது, அவரைப் பிடித்து நாலு உலுக்கு உலுக்கலாம் என்று ஆத்திரமும் வந்தது. நாற்பது வயது ஆம்பிள்ளை! ஒரு வார்த்தை சொல்ல ஒரு மிஷின் ரிப்பேர் ஆக வேண்டுமாம்!

வெள்ளோட்டம் நடந்த நாளில் ஆபீஸே என்ஜினியர் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவர் பட்டனைத் தட்டினார். ஆம்பூர், பச்சை. வேலூர், பச்சை. ராணிப்பேட்டை, பச்சை. மேல்விஷாரம், சிவப்பு. மறுபடி தட்டினார். சிவப்பு. டையைத் தளர்த்திக்கொண்டு தட்டினார். சிவப்பு.

ஹாஜியார் மெதுவாகத் திரும்பி ரவுண்ட்ஸ் சாரைப் பார்த்தார். "நீ எதனா பண்ணி வெச்சிருக்கியா?"

"அல்லா மேல ஆணையா இல்ல ஹாஜியார்!" என்றார் குடியாத்தத்து முருக பக்தர். பதற்றத்தில் எதிராளியின் சாமியே வாயில் வந்துவிட்டது.

"நீ சொன்னது பொய்னு தெரிஞ்சுது, நாளையிலேர்ந்து வேலைக்கு வராத" என்றார் ஹாஜியார். அவர் அப்படிப் பேசி நாங்கள் கேட்டதே இல்லை. மேல்விஷாரத்துக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார்.

"மிஷின் நல்லாத்தாங்க இருக்கு" என்றது வசந்தா அக்கா குரல். "லைட்டு எரியுது. யாராவது நேர்ல வந்து பார்த்தாத்தான் தெரியும்."

"பின்னாடி ஒயர் சொருகியிருக்கா பாரும்மா."

"எனக்கு ஒயரப் பத்தியெல்லாம் ஒண்ணும் தெரியாதுங்களே."

எனக்குப் பொறி தட்டியது. ஃபேனைக் கழற்றி மாட்டியவருக்கு ஒயர் தெரியாதா? வாயை மூடிக்கொண்டேன்.

ஹாஜியார் எங்கள் இரண்டு பேரையும் தன் காரில் ஏற்றினார். காரில் நடக்க முடியாது. ரவுண்ட்ஸ் சார் முட்டியை ஆட்டிய ஆட்டத்தில், "இன்ஜின்ல ஏதோ சத்தம் வருது ஹாஜியார்" என்று டிரைவர் வழியில் ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து பார்த்தார். யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வேலையும் போகப் போகிறது, வசந்தா அக்கா முன்னால் பொய்யர் என்ற பட்டத்தோடு நிற்கவும் போகிறார்.

மேல்விஷாரம் ஆபீஸ் அறையில் மூணாம் நம்பர் உறுமிக்கொண்டு நின்றது. ஹாஜியார் குனிந்து பின்னால் பார்த்தார். நெட் ஒயர் இல்லை. நிமிர்ந்து பார்த்தார். வசந்தா அக்கா மேஜைமேல், டீ கிளாஸுக்குப் பக்கத்தில், அழகாகச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருந்தது.

"இத யாரு புடுங்கினது?"

"நான்தான் ஹாஜியார்!" ரவுண்ட்ஸ் சார் முன்னால் பாய்ந்தார். "நேத்து வந்து நான்தான் புடுங்கினேன். அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. என்ன வேலைய விட்டு அனுப்பிடுங்க."

"பொய்" என்றார் வசந்தா அக்கா. எழுந்து நின்றார். "நேத்து இவரு வரவே இல்ல. வந்திருந்தா நான் ஏன் புடுங்கறேன்?"

ஹாஜியார் அந்த ஒயர்ச் சுருளைக் கையில் எடுத்தார். வெளியே டிரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இனிமே வர மாட்டார்னு நீங்க போன்ல சொன்னீங்க ஹாஜியார். இத்தன நாள் வந்தவரு ஒரு வார்த்த சொல்லாம நின்னுடுவாரான்னு கோவம். அதான் புடுங்கினேன்." வசந்தா அக்கா ரவுண்ட்ஸ் சார் பக்கம் திரும்பினார். "இப்போவும் புடுங்கி வெச்சாத்தான் வருவீங்களா?"

ரவுண்ட்ஸ் சார் ஓர் அடி முன்னால் வந்து நின்றார். "மேடம்..." என்றார். "உங்களப் பார்க்கத்தான் நான் எப்பவும் ரீலோட் பண்ணாம போவேன்" என்றார். வாழ்க்கையில் அவர் நின்ற இடத்தில் நின்று சொன்ன ஒரே வாக்கியம் அதுதான்.

ஹாஜியார் ஒயரைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், வசந்தா அக்காவைப் பார்த்தார். அப்புறம் தன் கையாலேயே ஒரு நாற்காலியை இழுத்து மேஜைக்கு எதிரே போட்டார். "உக்காருப்பா" என்றார்.

ரவுண்ட்ஸ் சார் உட்கார்ந்தார்.

நாங்கள் வெளியே வந்ததும் ஹாஜியார் செல்போன் அடித்தது. மெட்ராஸ் என்ஜினியர். "சார், மூணு இன்னும் செவப்பாவே இருக்கு!"

"இருக்கட்டும்பா" என்றார் ஹாஜியார், கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்ச நேரம் அப்படியே இருக்கட்டும்."

கல்யாணப் பத்திரிகை வந்தபோது மாப்பிள்ளை பெயரைப் பார்த்து ஆபீஸே குழம்பியது. "இது யாரு கல்யாணம்?" என்று ஹாஜியார் என்னிடம் கேட்டார். மேடையில் உட்கார வைக்க ஐயர் பட்ட பாட்டை நான் எழுதப்போவதில்லை. வசந்தா அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்ததும் மனுஷன் அடங்கிவிட்டார்.

வருஷங்கள் ஓடிவிட்டன. எனக்குக் கோபம் மட்டும் இன்னும் மூக்குக்கு மேலேதான். ஆனால் கம்ப்யூட்டரில் எதையாவது தேடி, கிடைக்காமல் அது சுற்றிக்கொண்டே இருந்தால் மட்டும் எனக்குக் கோபம் வருவதில்லை. எங்கள் ரவுண்ட்ஸ் சார் இன்னும் பள்ளிகொண்டா தாண்டியிருக்க மாட்டார் என்று நினைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.